புதன்கிழமை தோறும் குண்டு விழும்

சரித்திரம் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது. வெயிலுக்காக வருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அவர்கள் கடலில் விழுவார்கள், தோல் உரிவார்கள், பீர் குடிப்பார்கள், ஊருக்குப் போய்விடுவார்கள். சரித்திரக்காரர்கள் அப்படியில்லை. சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். காயப்போட்ட உள்பாவாடையைப் படம் பிடிப்பார்கள். "இந்த வீடு எந்த நூற்றாண்டு?" என்று கேட்பார்கள். கக்கூஸ் ஒழுகுகிற வீடு எந்த நூற்றாண்டாக இருந்தால் யாருக்கு என்ன?

எங்கள் தீவின் தலைநகரான வலெட்டாவுக்கு எதிர்க்கரையில், பெரிய துறைமுகத்தைப் பார்த்த படிக்கட்டுத் தெருவின் மூலையில் எனக்கொரு பஸ்திஸ்ஸிப் பலகாரக் கடை இருக்கிறது. பட்டாணி வைத்தது, பாலாடைக்கட்டி வைத்தது, இரண்டு வகை மட்டும். காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலில் நின்றால் ஊரில் யார் எங்கே போகிறார், எதற்குப் போகிறார் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் இது என் கதை இல்லை. என் தங்கை ரீத்தாவின் புருஷன் விஸ்தினுடைய கதை.

விஸ்தின் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். ஆள் குறைத்தபோது அவனுக்கும் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவான். அதையும் தரையைப் பார்த்துக்கொண்டு பேசுவான். என் அடுப்புக் கதவின் கீல் கழன்றால் நான் சொல்லாமலே வந்து மாட்டிவிட்டுப் போவான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றால் காது கேட்காத மாதிரி நடந்துவிடுவான். ஊரில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சம்மட்டி வீட்டுக்காரன்' என்பார்கள். எங்கள் பக்கத்தில் குடும்பப் பேரைவிடப் பட்டப்பேருக்குத்தான் ஆயுசு கெட்டி. அவன் அப்பா, அப்பாவின் அப்பா எல்லோரும் கல் வெட்டியவர்கள்.

இப்படிப்பட்ட மனிதன், அறுபதை நெருங்குகிற வயதில், தலையில் தகரத் தொப்பியும் கையில் துணிப்பட்டையும் கழுத்தில் விசிலுமாக என் கடை வாசலில் வந்து நின்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னப்பா வேஷம் இது? கார்னிவல் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு?"

"வேலை மதினி."

"என்ன வேலை?"

"குண்டு விழுகுதுன்னு சொல்ற வேலை."

அந்த வேலை என்னவென்று சொல்வதற்கு முன்னால் எங்கள் தெருவுக்குக் கீழே இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் எங்கள் துறைமுகத்தின் மேல் மழை மாதிரி குண்டு விழுந்தது. சனங்கள் பாறையைக் குடைந்து கீழே போய் இருந்துகொண்டார்கள். நீளச் சுரங்கம், இருபுறமும் சின்னச் சின்ன அறைகள். கையில் பலமும் உளியும் இருந்த குடும்பங்கள் தங்களுக்கென்று தனி அறை வெட்டிக்கொண்டன. சம்மட்டி வீட்டாருக்குக் கேட்கவா வேண்டும்? விஸ்தினின் அப்பா வெட்டிய அறைதான் கீழேயே நேர்த்தியானது. படுக்கத் திட்டு, விளக்கு மாடம், மாதா படத்துக்கு ஒரு மாடம், மழமழவென்று பாவிய தரை.

அந்தத் தரைக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தது.

விஸ்தினுக்கு முன்னால் அவன் அம்மாவுக்குப் பிறந்த மூத்த பிள்ளை. மேலே இடிந்துகொண்டிருந்த ஒரு பகலில் அந்த அறையில் பிறந்தது. பிறந்ததும் அழவில்லை, நீலம் பாரித்திருந்தது. ஞானஸ்நானம் கொடுக்காமல் போய்விட்டால் என்ன கதி என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பயம். விஸ்தினின் அப்பா சாமியாரைக் கூட்டிவர மேலே ஓடினார். குண்டு விழுகிற தெருவில் கோயிலுக்கு ஓடிச் சாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் பிள்ளை போய்விட்டது. சாமியார் அங்கேயே நின்று, "முட்டாள், பக்கத்துல வாளியில தண்ணி இருக்கே. அவசரத்துக்கு நீயே ஊத்தியிருக்கலாமே, யாரு ஊத்தினாலும் செல்லுமே" என்றாராம். அது விஸ்தினின் அப்பாவுக்குத் தெரியாமலில்லை. வேதபாடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் மண்ணைத் தின்று கல்லை வெட்டுகிற கையால் அதைச் செய்யக் கூடாது, சாமியார் கையால்தான் செய்ய வேண்டும் என்று அந்த மனிதருக்கு மரியாதை. அந்த மரியாதை பிள்ளையை மோட்சத்துக்கும் இல்லாமல், மந்திரித்த மண்ணுக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, சுவருக்கு வெளியே எங்கேயாவது வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே எறிய அவர் என்ன நாயையா பெற்றார்? எங்கள் ஊர்க் கல் மெத்து, உளிக்கு இளகிக் கொடுக்கும். ஒரு கல்லைக் குடைந்து தொட்டி மாதிரிப் பெட்டி செய்து, மூடியும் செய்து, பிள்ளையை அதில் வைத்து, அறையின் தரையில் புதைத்து மேலே பலகைக்கல் பாவிவிட்டார். சுவரில் சிலுவையும் 'குட்டி விஸ்தின்' என்ற பேரும் வெட்டினார். யுத்தம் முடிந்து பல வருஷம் கழித்து அடுத்த பையன் பிறந்தபோது அதே பேரை அவனுக்கு வைத்தார்கள். அறைக்குக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். விஷயம் தெரிந்தவர்கள் நாலே பேர். அவன் அம்மா ஜோர்ஜா, விஸ்தின், ரீத்தா, நான். ஊரார் அதைச் சாமான் போட்டுவைத்த அறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜோர்ஜா அத்தை அப்போது படுத்த படுக்கையாக இருந்தாள். காலில் பலம் இல்லையே தவிரப் புத்தியும் நாக்கும் அப்படியே இருந்தன. தினமும் விஸ்தினிடம் ஒரே கேள்விதான்.

"கதவு பூட்டியிருக்காடா?"

"பூட்டியிருக்கும்மா."

இந்த நிலைமையில்தான் ரோட்ரிக் வந்து சேர்ந்தான். பணக்காரர்கள் இருக்கிற ஸ்லீமாப் பக்கத்துப் பையன். தாய்மொழியை மூக்கால் பேசுகிற வர்க்கம். சரித்திரப் பிரியர்களுக்கு விடுமுறைச் சுற்றுலா நடத்துகிற கம்பெனி வைத்திருந்தான். திங்கள் கோயில், செவ்வாய் கோட்டை, புதன் 'ஒரு குண்டு ராத்திரி', வியாழன் படகு, இப்படி. புதனுக்காக எங்கள் சுரங்கத்தை யார் யாரையோ பிடித்துக் குத்தகைக்கு எடுத்துவிட்டான். ராத்திரி என்று பேரே தவிர, நடப்பது மத்தியானம். சாயங்காலம் அவர்களுக்கு ஹோட்டலில் நீச்சல் குளம் இருக்கிறதே.

என்னிடமும் வந்தான்.

"ஆன்ட்டி, யுத்த காலத்துச் சூப் ஒண்ணு நீங்க செஞ்சு தரணும். அப்ப எல்லாம் ஆட்டுக்கறியைத் தண்ணியில காட்டி எடுத்து ஊத்துவாங்களாமே, அந்த மாதிரி."

"அது வாயில வைக்க முடியாதுப்பா."

"அதுதான் வேணும். குடிச்சதும் முகம் சுளிக்கணும். மோசமா இருந்தாத்தான் நெசமா இருக்கும்."

அடுப்பு முன்னால் நின்றே கிழவியாகிவிட்ட என்னிடம் வந்து, மோசமாகச் சமைத்துக்கொடு என்று கேட்கிறான். இதைக் கேட்க எங்கள் அம்மா உயிரோடில்லாமல் போனாளே என்று நினைத்தேன். மாவுக் கையை அவன் சட்டையில் துடைக்காமல் விட்டது என் பொறுமை.

"எனக்கு மோசமாச் செய்ய வராது. உங்க அம்மாவைக் கேளு" என்று அனுப்பினேன். பிறகு பொட்டலத்துத் தூளை வெந்நீரில் கரைத்து, வெங்காயமும் கொழுப்பும் நாறுகிற ஒன்றை அவர்களே தயார் செய்துகொண்டார்கள்.

விஸ்தினை அவன்தான் தேடிப் போனான். சுரங்கத்துக்கு மேல் வீட்டுக்காரன், முகம் இறுகிய ஆள், காவல்காரன் வேஷத்துக்குப் பொருத்தம் என்று. விஸ்தின் ஒரே ஒரு நிபந்தனை சொன்னான். அந்தக் கதவு பூட்டியே இருக்க வேண்டும். ரோட்ரிக் கையடித்துச் சத்தியம் செய்தான். நான் விஸ்தினைக் கிழி கிழி என்று கிழித்தேன்.

"ஊரே சிரிக்குது. உனக்கு எதுக்குய்யா இந்தப் பொழப்பு?"

"நான் இல்லேன்னா வேற எவனாவது போவான் மதினி. அவன் கதவைத் தொறந்துருவான்."

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். அவன் கதவுக்காகக் குரைத்தான்.

அந்தக் கூத்தை நான் ஒரு தடவை பார்த்தேன். படியில் இறங்கும்போதே எல்லோருக்கும் ஒரு சாம்பல் நிறப் போர்வை, ஒரு தகரக் குவளை. சங்கு ஊதும். ஒலிபெருக்கியில் விமானச் சத்தம். விளக்கு அணையும். மேலே உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் சல்லடையில் சுண்ணாம்புத் தூளை அசைப்பாள், இவர்கள் தலையில் கொட்டும். உடனே கீச்சென்று ஒரு சிரிப்பு. விஸ்தின் விசில் ஊதி, "எல்லாரும் சுவரோரம் உக்காருங்க, குண்டு விழுகுது" என்பான். செத்தவன் குரலில் சொல்வான். அதைத்தான் அவர்கள் தத்ரூபம் என்றார்கள். பிறகு சூப். ஒரு வாய் குடிப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், ஒருவரை ஒருவர் படம் பிடிப்பார்கள், மிச்சத்தைத் தரையில் ஊற்றுவார்கள். கடைசியில் கைதட்டல். எங்கள் சனம் சொறியும் பேனும் பிடித்து, பசியில் வயிறு ஒட்டிக் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு கைதட்டினார்கள். தூ.

அந்தக் கைதட்டல் காற்றுத் துவாரம் வழியாக மேலே அத்தையின் அறைக்கே கேட்கும்.

"என்னடா கீழ திருவிழாவா?" என்பாள்.

"டூரிஸ்ட்டும்மா."

"கதவு?"

"பூட்டியிருக்கு."

ரோட்ரிக்குக் கண் அந்தக் கதவின் மேல் போகாமல் இருக்குமா? ஒரு நாள் சாவித் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டான். சுவரில் வெட்டிய பேரும் சிலுவையும் தெரிந்துவிட்டன. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. விஸ்தினைத் துரத்தித் துரத்திக் கேட்டான். யார் அந்தக் குழந்தை, எப்போது செத்தது, அறையைத் திறந்தால் எவ்வளவு உருக்கமாக இருக்கும். உருக்கம் என்று சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீரே தளும்பியது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

விஸ்தின் பயந்துபோய்ப் புதிதாக வந்திருந்த சின்னச் சாமியாரிடம் போய் உண்மையைச் சொன்னான். பிள்ளையை எடுத்து எங்கே வைப்பது என்று கேட்டான். நல்ல பையன்தான் அந்தச் சாமியார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாராம்:

"அதெல்லாம் பழைய பேச்சு விஸ்தின். ஞானஸ்நானம் இல்லாத குழந்தைங்களையும் ஆண்டவர் பாத்துக்குவார்னு நம்பலாம்னு இப்ப ரோமாபுரியிலயே சொல்லியாச்சு. தாராளமாக் கொண்டுவாங்க, உங்க குடும்பக் கல்லறையிலயே வைக்கலாம். என்ன, முன்கூட்டிப் போலீசுக்குச் சொல்லணும், சுகாதாரத்துக்காரங்க வருவாங்க, பழம்பொருள் ஆபீஸ்லயும் ஒரு பார்வை பார்ப்பாங்க."

விஸ்தின் இதை அத்தையிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். சந்தோஷப்படுவாள் என்று அந்த அசடு நினைத்திருக்கிறான். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எப்பலேர்ந்தாம்?"

"இப்பத்தாம்மா. இந்த வருஷந்தான்."

"அப்ப இத்தனை வருஷம் எம் பிள்ளை எங்க இருந்துச்சாம்?"

விஸ்தின் அவள் போர்வை நுனியை இழுத்துவிட்டான்.

"உங்கப்பன் சாகுற வரைக்கும் கோயிலுக்குள்ள நிமிந்து பாக்கலடா. தூணுக்குப் பின்னாடியே நின்னான். இப்ப வந்து பழைய பேச்சுங்கறானா? அந்தக் கிழட்டுச் சாமி செத்துட்டான். இருந்தா இங்க கூட்டியாரச் சொல்லியிருப்பேன்." மூச்சு வாங்கியது. "சரி. கொண்டாந்து என்கூட வைங்க. ஆனா அந்தப் பழம்பொருள்காரனுங்க கை படக்கூடாது. கண்ணாடிப் பெட்டியில போட்டுக் கீழ பேர் எழுதி ஒட்டிருவானுங்க."

அதுதான் எங்கள் எல்லோருக்கும் பயம். எழுதிக்கொடுத்தால் ஆபீசர்கள் வருவார்கள். ஆபீசர்கள் வந்தால் சரித்திரம் வந்துவிடும். எழுதிக்கொடுக்காமல் நாங்களே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். விஸ்தின் உளியைத் தீட்டினான். அதற்குள் ரோட்ரிக் முந்திக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமை காலையில் சுரங்க வாசலில் புதுப் பூட்டுத் தொங்கியது. பாதுகாப்புக்காக என்றான். சாவி அவன் இடுப்பில். மத்தியானம் கூட்டம் வந்தது, விஸ்தின் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினான். கதவு கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி, வைக்கோல், ஒரு மரத்தொட்டில். தொட்டிலில் துணி சுற்றிய பொம்மை. வழிகாட்டிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'குட்டி விஸ்தின்' பசியால் செத்த கதையை அவளாகவே கட்டிச் சொன்னாள். ஆளுக்கொரு தடவை தொட்டிலை ஆட்டினார்கள். கனத்த உடம்புக்காரர் ஒருவர் பொம்மையைத் திருப்பிப் பார்த்து, "இது அந்தக் காலத்ததா?" என்று கேட்டாராம். பலகைக்கல்லின் மேல் உட்கார்ந்து சூப் குடித்தார்கள். பிடிக்காததை அங்கேயே, பிள்ளையின் தலைக்கு மேலேயே ஊற்றினார்கள்.

விஸ்தின் விசில் ஊதினான், "குண்டு விழுகுது" என்றான், வீட்டுக்கு வந்தான், கொல்லையில் வாந்தி எடுத்தான். இதெல்லாம் ரீத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஓடிப்போய் அவனைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"நீ ஆம்பளையா? அந்தப் பயல் கழுத்தைப் பிடிச்சிருக்க வேண்டாமா?"

"பிடிச்சா ஏன்னு கேப்பாங்க மதினி. ஏன்னு தெரிஞ்சா அப்புறம் புதன்கிழமை மட்டுமா வருவாங்க?"

ஆனால் அவன் சொன்னது சரி. எலும்பு இருக்கிறதென்று தெரிந்தால் தினமும் வருவார்கள். வரிசையில் நின்று வருவார்கள்.

"அம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"பூட்டியிருக்குன்னேன்." அதைச் சொல்லும்போதுதான் அவன் அழுதான். அம்மாவிடம் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன்.

வாசல் சாவி ரோட்ரிக்கிடம். சுரங்கம் திறப்பது புதன்கிழமை மட்டும். ஆகவே செய்வதைப் புதன்கிழமையே, எல்லோர் முன்னாலும்தான் செய்ய வேண்டும். விஸ்தின் அதை யோசித்துச் சொன்னபோது அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்தேன்.

"அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க மதினி. தொப்பி போட்டிருந்தா என்ன செஞ்சாலும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க."

எனக்கும் ஒரு வேஷம் தேவைப்பட்டது. பெட்டியில் கிடந்த பழைய கறுப்பு முக்காட்டு அங்கியைத் தேடி எடுத்தேன், அந்தக் காலத்துப் பெண்கள் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போவது. அந்துருண்டை நாற்றம். அதற்குள் உளியும் கடப்பாறைத் துண்டும் சாக்கும். வேஷம் போட்டுப் பிழைக்கிறவர்களை அத்தனை நாள் திட்டிய நான், கறுப்பு மூட்டையாகப் படி இறங்கினேன். ரோட்ரிக் என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான்.

"ஆன்ட்டி, கடைசியில வந்துட்டீங்களே. அந்த அங்கி ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான். தள்ளி நில்லு."

சங்கு ஊதியது. விளக்கு அணைந்தது. சுண்ணாம்பு கொட்டியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோரையும் அறைக்கு அழைத்து வந்தார்கள். வழிகாட்டிப் பெண் தொட்டிலிடம் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தபோது விஸ்தின் உள்ளே போனான். பலகைக்கல்லின் மேல் ஒரு வெளிநாட்டுக்காரர் குவளையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க" என்றான் விஸ்தின்.

அவர் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். விஸ்தின் குனிந்து அவர் காதுக்குள் விசிலை ஊதினான். மனிதர் எழுந்த வேகத்தில் சூப் அவர் மேலேயே கொட்டியது. கூட்டம் ரசித்தது.

நான் உளியை எடுத்துக் கொடுத்தேன். அவன் மண்டியிட்டு இணைப்புச் சுண்ணாம்பைக் கொத்தினான். முதல் முறையாக அந்தக் கூத்தில் ஒரு நிஜச் சத்தம் கேட்டது. வழிகாட்டிப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். ரோட்ரிக் பின்னாலிருந்து என் அங்கியை இழுத்தான். "இது என்ன சீன் ஆன்ட்டி? என்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?" நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். கடப்பாறையைக் கொடுத்து இருவருமாக நெம்பினோம். கல் கிளம்பியது. கீழே ஈரமாக இருந்தது. அந்த ஈரம் என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அடுப்படியில் வளர்ந்த மூக்காயிற்றே. விஸ்தின் கையை விட்டு அந்தக் கல்பெட்டியை வெளியே எடுத்தான். இரண்டு பெரிய ரொட்டியைச் சேர்த்துவைத்த நீளந்தான் இருக்கும். கனமோ கனம். அவன் அப்பாவின் உளித்தடம் மூடியில் அப்படியே இருந்தது.

சாக்கால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். முன்னால் நின்ற ஜெர்மன் டீச்சரம்மா ஒருத்தி, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதுல யாரு?"

விஸ்தினுக்குப் பொய் வராது. ஒரு தடவை சொன்னதற்கே அழுதவன்.

"எங்க அண்ணன்" என்றான்.

தூக்கியிருந்த கேமராக்கள் தாழ்ந்தன. அவர்களுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். மனிதர்கள்தானே, ஆளுக்கொரு வீட்டில் பிறந்தவர்கள்தானே என்று நினைத்தேன். பிறகு பின்வரிசையில் ஒருவன் கைதட்டினான். அடுத்தவன் தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். போர்வையைக் கீழே போட்டுவிட்டு, குவளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுரங்கம் அதிரத் தட்டினார்கள். வழிவிட்டு இருபக்கமும் ஒதுங்கி நின்று தட்டினார்கள். விஸ்தின் தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் நடுவே நடந்தான். நான் பின்னால் போனேன். வாசலுக்குப் பக்கத்தில் என்னால் முடியவில்லை, காறித் துப்பினேன். அதையும் ஒருத்தி படம் பிடித்தாள்.

படியில் ரோட்ரிக் ஓடி வந்து எங்களைப் பிடித்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"விஸ்தின், பிரமாதம். அடுத்த வாரமும் இதையே பண்ணுவோம். பெட்டியை மறக்காம எடுத்துட்டு வந்திருங்க."

விஸ்தின் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தான். கை காலியாக இல்லாததால் பெட்டியை நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

வீட்டில் அத்தையின் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு அதன் மேல் பெட்டியை வைத்தான். ரீத்தா சாக்கை எடுத்தாள். அத்தை உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து உளித்தடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துக் கையை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள்.

"விதோரி, என்னடி வாடை இது?"

"சுரங்க வாடை அத்தை" என்றேன்.

"அந்த வாடை எனக்குத் தெரியாதா? நான் அங்கதான கெடந்தேன். இது சாப்பாட்டு வாடை."

நான் விஸ்தினைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"சூப்பும்மா. போன வாரம் கதவைத் தொறந்துட்டாங்க. அங்க உக்காந்து குடிக்கிறாங்க. பிடிக்கலேன்னா ஊத்திருவாங்க."

"எங்க ஊத்துவாங்க?"

"கீழ."

"எம் பிள்ளை மேலயா?"

"ஆமாம்மா."

அத்தை கத்தவில்லை. ரீத்தாவிடம் வெந்நீரும் பழைய துணியும் கொண்டுவரச் சொன்னாள். நாங்கள் துடைக்கிறோம் என்றால் விடவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தோம். துணியை நனைத்துப் பிழிந்து, மூடியை, பக்கங்களை, மூலைகளை மெதுவாகத் துடைத்தாள். ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்தாள். "இன்னும் அடிக்குது" என்றாள். சோப்புப் போட்டாள். எலுமிச்சம்பழம் கேட்டாள். மறுநாளும் துடைத்தாள், அதற்கு மறுநாளும் துடைத்தாள். எங்கள் கல் மெத்து என்றேனே, அது குடித்ததைக் கக்குகிற கல் இல்லை.

குளிர் தொடங்கும்போது அத்தை போய்விட்டாள். கல்பெட்டியைச் சவப்பெட்டிக்குள் அவள் கால்மாட்டில் வைத்து மூடினோம். சின்னச் சாமியார் பார்த்தும் பார்க்காதவர் போல ஜெபத்தைச் சொன்னார். அந்த ஒன்றுக்காக அவரை மன்னித்தேன். கல்லறைக்குள் இறக்கும்போது நான் குனிந்து நின்றிருந்தேன். மந்திரித்த மண்ணுக்குள் தன் தாயோடு போகிற நாளில்கூட அந்தப் பிள்ளை மேல் வெங்காயச் சூப் வாடை அடித்தது.